சுவருக்கு ஒரு கையெழுத்து

பௌர்ணமி என்றால் உங்களுக்கு நிலா ஞாபகம் வரும். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு மொட்டை மாடி ஞாபகம் வரும். திருவண்ணாமலையில் குடியிருக்கிறவனுக்குத் தலைகள்தான் ஞாபகம் வரும்.

மாசத்துக்கு ஒரு ராத்திரி, 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடப்பதற்காக எங்கள் ஊருக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, இப்போதெல்லாம் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து ரொம்பவே. லாட்ஜ்கள் நிரம்பிவிடும். மிச்சப் பேர் வீடுகளில் தங்குவார்கள். ஊருக்கு வரும்படி, வருகிறவர்களுக்குப் புண்ணியம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை, பக்கத்து வீட்டுக்காரனைத் தவிர.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான்.

தேரடியிலிருந்து கிழக்கே பத்து நிமிஷ நடையில் இருக்கிறது எங்கள் வீடு. அப்பா வாங்கிப் போட்ட பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, பின்னால் புழக்கடை. புழக்கடையில் தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், துணி உலர்த்துகிற கொடி, ஒரு முருங்கை மரம், கடைசியில் குளியலறை. கிழக்கே அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே முப்பது அடி நீளத்துக்கு ஒரு சுவர். உயரம் ஐந்தடி.

ஐந்தடிச் சுவருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ஆடு தாண்டாது, கோழி தாண்டாது, கண் மட்டும் தாராளமாகத் தாண்டும்.

அடுத்த வீட்டில் இருப்பவர் ரிட்டையர்ட் தமிழ் டீச்சர். தெருவே அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். எழுபத்தாறு வயசு. தனியாக இருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன், சும்மா கிடந்த இரண்டு பின்கட்டு அறைகளை வெள்ளையடித்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாடகைக்கு விட ஏற்பாடு செய்தார். குழாயும் துவைக்கிற கல்லும் சுவரை ஒட்டி. ராத்திரி முழுக்க மலை சுற்றிய பக்தர்கள் காலை ஆறு மணிக்கு வாயில் பிரஷ்ஷோடு அங்கே வந்து நிற்பார்கள். நின்றுகொண்டு பல் தேய்க்கிறவன் எங்கே பார்ப்பான்? எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பான். எதிரே எங்கள் புழக்கடை.

சுவருக்கு மேலே வரிசையாகத் தலைகள் மட்டும் தெரியும். கொலுப்படி மாதிரி. ஒரே வித்தியாசம், கொலு பொம்மை வாய் கொப்பளிக்காது.

அவர்கள் மேல் குற்றமே இல்லை. ஒருவர்கூட வேண்டுமென்று பார்த்ததில்லை. சிலர் "குட் மார்னிங்" சொல்லுவார்கள். ஆனால் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, வேறு மாநிலத்துக்காரரின் குட் மார்னிங்கை வாங்கிக்கொள்கிற தைரியம் என் மனைவிக்கு இல்லை. பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாளும் காலை நாலு மணிக்கே எழுந்து குளித்துவிடுவாள். துணியைக் கூடத்தில் ஃபேன் போட்டு உலர்த்துவாள். மார்கழி மாசமும் அதே நாலு மணிதான்.

ஒருநாள் சொன்னாள்: "சாமிக்கே இந்த ஊர்ல எவ்வளவு பெரிய மதில்! கிழக்கால இருக்கிற கோபுரம் மட்டும் 217 அடி. எனக்கு ஒரு எட்டடி கட்டித் தரக் கூடாதா?"

பாயின்ட்டுதான். இருபத்தைந்து ஏக்கர் கோயில், சுற்றிலும் மதில், மொத்தம் ஒன்பது கோபுரங்கள். கிழக்கு ராஜகோபுரம் பதினொரு நிலை. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து, தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. நமக்கு ராயரும் வேண்டாம், நாயக்கரும் வேண்டாம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், மூன்று நாள் வேலை. முடிவு பண்ணிவிட்டேன்.

* * *

சுவரை உயர்த்தப் போகிறேன் என்று வெளியே சொன்னதுதான் தாமதம், ஊரில் இத்தனை இன்ஜினீயர்கள் இருப்பது தெரிந்தது.

மாமனார் வந்து, "மேலே கண்ணாடிச் சில்லு பதிச்சிடுங்க மாப்பிள்ளை" என்றார். கொத்தனார், "கட்டறது கட்டறோம், பத்தடியா போட்டுடலாம் சார்" என்றார். அவருக்குச் சதுர அடிக் கணக்கு. நிஜமாகவே இன்ஜினீயர் படித்த ஒரு நண்பர் மட்டும் பொறுப்பாகப் பேசினார்.

"நேஷனல் பில்டிங் கோடுன்னு ஒண்ணு இருக்கு. 2016 பதிப்பு. காம்பவுண்டு சுவருக்கு ஒன்றரை மீட்டர் போதும்கிறது அது. அதாவது உங்க அஞ்சடி. 2.4 மீட்டர், அதான் எட்டடி வரைக்கும் போகலாம். ஆனா மேலே இருக்கிற 0.9 மீட்டர், மூணடி, அடைப்பா இருக்கக் கூடாது. திறந்த வேலைப்பாடா இருக்கணும். அது தேசத்துக்குப் பொதுவான யோசனை. நம்மைக் கட்டுப்படுத்தறது 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பேசாம மேல் மூணடிக்கு ஜாலி வச்சுடுங்களேன்?"

என் மனைவி காபி டம்ளரை வைத்துக்கொண்டே கேட்டாள்: "யாருக்கு ஜாலி?"

சிமென்ட்டில் பூப்பூவாக ஓட்டை வைத்து வார்ப்பார்களே, அதுதான் ஜாலி. காற்று வரும், வெளிச்சம் வரும். ஓட்டைக்கு ஒரு கண்ணும் வரும். ஜாலி யோசனை அங்கேயே கைவிடப்பட்டது.

ஆபீசுக்குப் போனேன். எங்கள் ஊர் 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. மாநகரத்துப் பிரஜை என்ற மிடுக்கோடு எட்டடிச் சுவருக்கு அனுமதி கேட்டேன். அங்கிருந்த ஊழியர் நல்ல மனுஷர். மூன்றே கேள்விகள் கேட்டார்.

"ரோட்டுப் பக்கமா, அடுத்த வீட்டுப் பக்கமா?"

"அடுத்த வீட்டுப் பக்கம்."

"எவ்வளவு உயரம்?"

"எட்டு."

"சுவர் யாருது?"

இதென்ன கேள்வி? என் வீட்டுச் சுவர் என்னுடையது. "பத்திரத்தைப் பார்த்துட்டு வந்துடுங்க" என்றார் சாந்தமாக.

பத்திரம் பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தது. நாலெல்லை விவரத்தில், தமிழிலேயே முற்றுப்புள்ளி கண்டுபிடிக்கப்படாத காலத்து நடையில் எழுதப்பட்ட ஒரு நீண்ட வாக்கியம். அதன் நடுவில் இருந்தது: 'கிழக்குப் பொதுச்சுவர் உள்பட.'

பொதுச்சுவர். ஒன்பது அங்குலச் சுவரில் நாலரை அங்குலம் டீச்சருடையது.

* * *

என்னோடு பி.காம். படித்த ஒருவன் வக்கீலாக இருக்கிறான். மூன்று வருஷம் டெபிட், கிரெடிட் என்று இருந்துவிட்டு, லாபம் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் சட்டக் கல்லூரிக்குப் போய்விட்டவன். என்னிடம் பீஸ் வாங்க மாட்டான். டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். கோர்ட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் பிடித்தேன்.

"முதல்ல ஒண்ணு சொல்லு. அவங்க எட்டிப் பார்க்கறதைச் சட்டப்படி தடுக்க முடியுமா?"

"ஈஸ்மென்ட் சட்டம், 1882. பதினெட்டாவது பிரிவு" என்று ஆரம்பித்தான். அந்தப் பிரிவுக்குக் கீழே ஓர் உதாரணம் இருக்கிறதாம். அடுத்த வீட்டாரின் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்று ஓர் ஊரில் வழக்கம் இருந்தால், அந்த வழக்கமே உரிமையாகிவிடும்.

"பிரமாதம்!"

"அவசரப்படாதே. வழக்கம் இருந்தால்" என்றான். "1888-ல அலகாபாத் ஹைகோர்ட்ல ஒரு கேஸ். கோகல் பிரசாத் எதிர் ராதோ. ஒருத்தர் புது வீடு கட்டி, அடுத்த வீட்டுப் பெண்கள் புழங்கற இடம் தெரியற மாதிரி வராந்தாவும் வாசலும் வெச்சுட்டார். அந்தப் பக்கத்துல கோஷா வழக்கம். அதனால அந்தரங்க உரிமை உண்டுன்னு தலைமை நீதிபதி ஜான் எட்ஜ் சொல்லிட்டார். குஜராத் பக்கமும் இந்த வழக்கத்தைக் கோர்ட் ஒத்துக்கிட்டிருக்கு."

"நம்ம பக்கம்?"

"நம்ம பக்கம் 1894. மெட்ராஸ் ஹைகோர்ட். சையத் அசூஃப் எதிர் அமீருபீபி. ஜன்னல் திறந்து அந்தரங்கத்தைக் கெடுத்தார்ங்கறதுக்காக வழக்குப் போட முடியாதுன்னுட்டாங்க. இங்கிலீஷ் சட்டம் போன வழி அது. லண்டன்ல பிரபுக்கள் சபையே 1865-ல சொல்லியாச்சு. அடுத்தவன் ஜன்னல் பிடிக்கலையா, உன் இடத்துல மறைப்பு எழுப்பிக்கோ, அவ்வளவுதான்."

ஆக, அலகாபாத்காரனுக்கு வழக்கம். மெட்ராஸ்காரனுக்குச் செங்கல்!

விடவில்லை நான். "அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கே. பேப்பர்ல படிச்சேனே?"

"2017, ஆகஸ்ட் 24. புட்டசாமி வழக்கு. ஒன்பது நீதிபதிகள், ஒரே குரல். அதுக்கு முன்னாடி 1994-லயே, ஆட்டோ சங்கர் சுயசரிதையைப் போடற விஷயமா நக்கீரன் கோபால் போட்ட வழக்குல, தனியா விடப்படற உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் பேசியிருக்கு. எல்லாம் சரி. ஆனா அதெல்லாம் முக்கியமா சர்க்காரைப் பார்த்துக் கேட்கறது. பல் தேய்க்கிறவரைப் பார்த்துக் கேட்கறதில்லே. இன்னொரு டீ சொல்லு."

சொன்னேன். இரண்டாவது டீக்குப் பொதுச்சுவர் விவகாரம். அதுவும் மெட்ராஸ் ஹைகோர்ட்தான். 1895, கனகய்யா எதிர் நரசிம்மலு. இரண்டு பேருக்கும் பொதுவான சுவரை ஒருவர் மற்றவர் சம்மதமில்லாமல் உயர்த்திவிட்டார். உயர்த்திய பகுதியை இடிக்கச் சொல்லிக் கேட்க மற்றவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு.

"அப்ப டீச்சர் கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்கூட வைக்க முடியாதா?"

"பொதுச்சுவர் மேல வைக்க முடியாது. ஆனா உன் பக்கம் ஒரு அடி தள்ளி, உன் மண்ணுல தனியா அஸ்திவாரம் தோண்டி எழுப்பிக்கோ. ஆபீஸ் அனுமதி போதும். யார் கையெழுத்தும் வேண்டாம். அவங்க ஒண்ணும் பண்ண முடியாது." பஜ்ஜியை எடுத்தான். வாய்க்குள் போடுமுன் நிறுத்தினான். "அந்தம்மா வீட்டுப் பின்னாலேர்ந்து மலை தெரியுமோ?"

தெரியும். மலை எங்களுக்கு மேற்கே. டீச்சருக்கும் மலைக்கும் நடுவில் இருப்பது எங்கள் புழக்கடைதான்.

"அதுக்கும் சட்டம் கிடையாது" என்றான். "1610-ல இங்கிலாந்துல ஆல்ட்ரெட்னு ஒருத்தர் கேஸ் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பன்றிக் கொட்டகை கட்டிட்டார்னு. நாற்றத்துக்குக் கேட்கலாம், வெளிச்சத்துக்குக் கேட்கலாம், அழகான காட்சி மறையுதுன்னு கேட்க முடியாதுன்னாங்க. காட்சிங்கறது சந்தோஷம், அவசியம் இல்லையாம். நானூறு வருஷமா அதான் கதை."

வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டேன். பி.காம். புத்தி. தனிச் சுவர் என்றால் அஸ்திவாரச் செலவு தனி. முப்பதடி நீளத்துக்கு ஒன்றே முக்கால் அடி இடம் காலி. செலவு கூட, ஆனால் யாரையும் கேட்க வேண்டாம். பொதுச்சுவர் மேலே என்றால் செலவு பாதி, ஆனால் கேட்க வேண்டும். டெபிட் பக்கம், கிரெடிட் பக்கம் இரண்டும் எழுதியாகிவிட்டது. மலையை எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

* * *

ஜெராக்ஸ் கடையில் மனு அடித்து வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். பேனா கேட்டார். கையெழுத்துப் போடத்தான் என்று சந்தோஷமாக நீட்டினேன். 'சுவற்றை உயர்த்த' என்று இருந்த இடத்தில் வட்டம் போட்டார்.

"சுவர், சுவரை. சுவற்றைன்னு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"ஜெராக்ஸ் கடைப் பையன் அடிச்சது டீச்சர்."

"உட்காரு."

பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். எதிரே பொதுச்சுவர். அதற்கு மேலே எங்கள் முருங்கை மரம். அதற்கும் மேலே, வானத்தைப் பாதி அடைத்துக்கொண்டு, மலை. சாயங்கால வெயிலில் பாறையெல்லாம் பழுப்பும் சிவப்புமாக. முப்பது வருஷமாக அதே மலையை என் வீட்டிலிருந்து பார்க்கிறேன். அந்தப் படியிலிருந்து பார்த்ததில்லை.

"எட்டடின்னா எது வரைக்கும் வரும்?"

எழுந்து கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சும்மா இருக்க முடியாமல், "நினைத்தாலே முக்திங்கறாங்களே டீச்சர் நம்ம ஊரை" என்றேன்.

"நினைக்கறதுக்கு ஞாபகம் வேணும்ப்பா. என் வயசுல அதுக்கு என்ன கியாரண்டி? கண்ணால பார்த்துட்டா நிச்சயம்." சிரித்துவிட்டார். "முட்டி போயி எட்டு வருஷமாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு பௌர்ணமி விட்டதில்லே. பதினாலு கிலோமீட்டரும் செருப்பில்லாம நடப்பேன். இப்ப கிரிவலம் இந்தப் படியிலதான். தீபத்தன்னிக்கு எல்லாரும் மொட்டை மாடிக்குப் போவாங்க. எனக்கு மாடிப்படி ஏறறது மலை ஏறற மாதிரி. இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்."

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அவரே தொடர்ந்தார்.

"உன் பொண்டாட்டி நாலு மணிக்குக் குளிக்கறா. தண்ணிச் சத்தம் கேட்கும். எனக்கென்ன தெரியாதா? பையன்கிட்ட சொன்னேன். அவன் வாடகைக் கணக்கு சொல்றான். அவ பாவம். சுவர் வேண்டாம்னு நான் சொல்லலே. எவ்வளவுன்னுதான் கேக்கறேன்."

எவ்வளவு? இதற்குத்தானே என்னை மூன்று வருஷம் படிக்க வைத்தார்கள்!

மனுவின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள், சுலபம்தான். மலை, கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி. எங்கள் ஊர்த் தரையிலிருந்து பார்த்தால் சுமார் 2,000 அடி. எங்கள் தெருவிலிருந்து உச்சி நேர்கோட்டில் சுமார் 8,000 அடி தூரம். ஆக, நாலுக்கு ஒன்று. கண்ணிலிருந்து நாலடி தள்ளி நிற்கிற சுவர், கண் மட்டத்துக்கு மேலே ஓரடி இருந்தால் உச்சியைத் தொடும். டீச்சர் உட்காரும் படியிலிருந்து சுவர் பதினைந்து அடி. பதினைந்தை நாலால் வகுத்தால் மூன்றே முக்கால். உட்கார்ந்திருக்கும்போது அவர் கண் தரையிலிருந்து மூன்றடி. கூட்டினால் ஆறே முக்கால்.

எட்டடி என்றால் மலை காலி. ஏழடி என்றாலும் காலி. ஆறரை அடி என்றால் கால் அடி மிச்சம். அந்தக் கால் அடி இடைவெளியில், எட்டாயிரம் அடிக்கு அப்பால், உச்சியிலிருந்து கீழே சுமார் 130 அடி தெரியும். தீபக் கொப்பரைக்குத் தாராளம்.

"ஆறரை" என்றேன்.

"நிற்கிறவன் கண்ணுக்கு அது போதுமா?" என்று கேட்டார். டீச்சர் இல்லையா, விடையைத் திருப்பிச் சரி பார்க்காமல் மார்க் போட மாட்டார்.

யோசித்தேன். ஆறடி ஆள் நின்றால்கூட அவர் கண் ஐந்தரை அடி சொச்சத்தில்தான் இருக்கும். போதும். நின்றுகொண்டு கீழே பார்க்கிறவருக்கு மறைக்க வேண்டும், உட்கார்ந்துகொண்டு மேலே பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் இடம்தான். ஆனால் இருக்கிறது.

காகிதத்தில் வந்த விடையை நம்பி யாரும் சிமென்ட் குழைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டோம். முதலில் எட்டடி. டீச்சர் படியில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். ஏழு. ஊஹூம். ஆறரையில், "நிறுத்து, நிறுத்து! உச்சி வந்துடுச்சு" என்றார், ஏதோ பஸ் வந்துவிட்ட மாதிரி.

அடுத்து என் மனைவி அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். எங்கள் கொடி தெரியவில்லை. பிறகு துவைக்கிற கல்மேல் ஏறி நின்றாள். "இங்கேர்ந்து எல்லாம் தெரியுது!" என்று ஒரு குரல். அந்த ஒன்றரை அடிக் கல் அத்தனை கணக்கையும் கவிழ்க்கப் பார்த்தது.

டீச்சர் தயங்கவே இல்லை. "கல்லையும் குழாயையும் கிணத்தடிக்கு மாத்திடலாம். பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு, என் பக்கமும் பூச்சு பூசித் தந்துடணும். செங்கல் தெரியக் கூடாது."

"சரி டீச்சர்."

"சுண்ணாம்பும் அடிச்சுடு."

"சரி டீச்சர்."

பேரம் அதற்கு மேலே போவதற்குள் மனுவை நீட்டினேன். 'எட்டு' என்பதை அடித்து 'ஆறரை' என்று தன் கையாலேயே எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து, கீழே பெரிய கையெழுத்து. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அதே சிவப்பு மையில்.

ஆபீசில் அந்த ஊழியர் வாங்கிப் பார்த்தார். "வழக்கமா எட்டுன்னு கேட்டுட்டு அப்புறமா ஆறுக்கு இறங்குவாங்க. நீங்க என்ன சார், அரை அடியோட வர்றீங்க? யார் போட்ட கணக்கு?"

"நானும் டீச்சரும்" என்றேன். முத்திரை குத்தினார்.

* * *

இந்தச் சுவர் சமாசாரத்தில் இறங்கிய பிறகு, உலகத்தில் எங்கெல்லாம் இந்தச் சண்டை நடக்கிறது என்று படித்துப் பார்த்தேன். மனசுக்கு ஓர் ஆறுதல்தான்.

அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் கிராக்கர் என்று ஒரு ரயில்வே கோடீஸ்வரர். 1870-களில் ஒரு குன்றின் மேல் மாளிகை கட்டினார். பக்கத்தில் நிக்கலஸ் யுங் என்பவர் தன் சின்ன வீட்டை விற்க மாட்டேன் என்றுவிட்டார். கோடீஸ்வரர் என்ன செய்தார் தெரியுமா? யுங் வீட்டை மூன்று பக்கமும் சுற்றி நாற்பது அடி உயரத்துக்கு வேலி எழுப்பிவிட்டார். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. இரண்டு பேரும் செத்துப்போன பிறகும் வேலி மட்டும் பல வருஷம் நின்றது. சண்டைக்காரர்களைவிட வேலிக்கு ஆயுசு ஜாஸ்தி.

லண்டனில் டேட் மாடர்ன் என்று ஒரு கலைக்கூடம். அதன் பத்தாவது மாடியில் ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு மேடை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எதிரே இருந்த கண்ணாடிச் சுவர் ஃபிளாட்டுகளையும் பார்த்துவிட்டார்கள். ஃபிளாட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ல் முதல் நீதிபதி, திரைச்சீலை போட்டுக்கொள்ளலாமே என்கிற மாதிரி சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டார். 2023 பிப்ரவரியில் அந்த ஊர் சுப்ரீம் கோர்ட், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஃபிளாட்டுக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாலைந்து வீட்டுப் பிரச்னைக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவர்களுக்கு எட்டு முழ வேட்டி கிடைக்கவில்லை, பாவம்.

யாழ்ப்பாணத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கிடுகு வேலி கட்டி வளவை மறைப்பார்கள். அங்கே வேலிச் சண்டை கோர்ட்டு வரை போவது ரொம்ப சகஜம். வேலி ஒரு சாண் நகர்ந்தால் பேச்சு வார்த்தை ஒரு தலைமுறைக்கு நின்றுவிடும்.

என்னை ஆச்சரியப்படுத்தியது இங்கிலாந்து விதிதான். வீட்டுக்கு ரோட்டுப் பக்கம் இல்லாத வேலியோ சுவரோ, இரண்டு மீட்டர் வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டு மீட்டர் எத்தனை அடி என்று பெருக்கிப் பார்த்தேன். ஆறரை அடி சொச்சம்! அத்தனை பெரிய சர்க்கார் உட்கார்ந்து கண்டுபிடித்ததை, டீச்சர் பின்வாசல் படியில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டார்.

சுவரை உயர்த்தப் போகிற நண்பர்களுக்குப் பட்டவன் சொல்கிறேன். முதலில் பத்திரத்தை எடுத்து, சுவர் யாருடையது என்று பாருங்கள். இரண்டாவது, உள்ளூர் விதியை ஆபீசில் நேரில் கேளுங்கள், மாமனாரிடம் கேட்காதீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பக்கம் போய், அவர்கள் உட்காருகிற இடத்தில் ஒரு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். உங்களைப் பார்க்கத்தான் அவர்கள் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்லை. உங்கள் தலைக்கு மேலே வேறு ஏதாவது இருக்கலாம்.

சட்டத்தைக் கேட்டால், அவர்கள் பார்ப்பதைத் தடுக்கவும் எனக்கு வழியில்லை, நான் மறைப்பதைத் தடுக்கவும் அவர்களுக்கு வழியில்லை. தனிச் சுவர் எழுப்பியிருந்தால் எட்டடிக்கும் என்னை யாரும் கேட்டிருக்க முடியாது. யாரும் கேட்க முடியாத சுவரைக் கட்டிக்கொண்டு, தினம் காலையில் அதற்கு இந்தப் பக்கம் நின்று பல் தேய்க்க வேண்டியவன் நான்தான்.

கார்த்திகைக்கு இரண்டு வாரம் முன்பு வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் பூச்சு, இரண்டு பக்கமும் சுண்ணாம்பு. தீபத்தன்று ஊர் கொள்ளாத கூட்டம். டீச்சர் வீட்டுப் பின்கட்டிலும் ஆட்கள். என் மனைவி மத்தியானம் நிதானமாகத் தலைக்குக் குளித்துவிட்டு, புழக்கடையில் கொடிக்குப் பக்கத்தில் நின்று முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் அகல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சரியாக ஆறு மணி. மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே ஒரு சத்தம் போட்டது. மொட்டை மாடிகளிலிருந்து, தெருவிலிருந்து, கோயில் பக்கத்திலிருந்து. அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கிய பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், தனியாக ஒரு குரல் கேட்டது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

தெரிகிறது என்று அர்த்தம்.